சலிக்காத மாவும் தீட்டாத அரிசியும்

நபி (ஸல்) அவர்கள் நன்கு சலித்த வெண்மாவில் செய்த ரொட்டியை உண்டதுண்டா என்று நபித்தோழர் ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்களிடம் பின்னாளில் ஒருவர் வினவினார். நபித்துவம் கிடைத்த நாள் முதல் அல்லாஹ் தன்னிடம் அழைத்துக்கொள்ளும் வரை நபியவர்கள் அத்தகைய மாவைக் கண்டதே இல்லை என்று ஸஹ்ல் (ரலி) விடையளித்தார். கேட்டவருக்கு வியப்பு. சல்லடை இல்லாமல் வாற்கோதுமையை எவ்வாறு உண்டீர்கள்? அரைப்போம், வாயால் ஊதுவோம், பறப்பது பறந்துவிடும், எஞ்சியதைப் பிசைந்து உண்போம் என்பது மறுமொழி. ஸஹீஹுல் புகாரியில் உள்ள இச்செய்தியை நபியவர்களின் எளிமைக்குச் சான்றாகவே நாம் பெரும்பாலும் கேட்டிருக்கிறோம். உணவின் வரலாறாகவும் இதை வாசிக்கலாம். சல்லடை இல்லாத சமையலை எண்ணிப் பார்க்கவே இயலாத ஒரு தலைமுறை அதற்குள் வந்துவிட்டது என்பதை அந்தக் கேள்வியே காட்டுகிறது.

நமது கொங்கு நாட்டிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது, மிகவும் பிந்தி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த இப்பகுதியில், நொய்யல், பவானி, அமராவதி ஆறுகளின் பாசனம் எட்டிய இடங்களில்தான் நெல் விளைந்தது. ஏனைய புன்செய்க் காடுகளில் கம்பு, சோளம், ராகி, சாமை. 1800-இல் கோயம்புத்தூர் வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானனும் இத்தானியங்களைக் குறித்து வைத்தார். பல்லடத்து ராவுத்தர் குடும்பமும் அண்டை வீட்டு உழவர் குடும்பமும் உண்டது ஒரே கம்பஞ்சோறுதான். நெல்லுச்சோறு பெருநாளுக்கும் திருமணத்துக்கும் உரியது.

அதைப் பொற்காலம் என்று எழுதுவோர் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில் கோவை, சேலம் மாவட்டங்களும் துயருற்றன. கம்பு உண்டவர்கள் அதன் சத்தை ஆராய்ந்து உண்டவர்கள் அல்லர்; கிடைத்ததை உண்டவர்கள். அக்கம்பை உரலில் இட்டு நாள்தோறும் இடித்தவர்கள் பெண்கள். மில் வந்தபோது அவர்கள் மகிழ்ந்திருந்தால் அதைக் குறைசொல்ல நமக்குத் தகுதியில்லை.

1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியபின் கோவைப் பகுதியில் ஆலைகள் பெருகின. 1950-களில் பவானிசாகர் அணையின் கால்வாய் புன்செய் நிலங்களை நனைத்தது. பின்னர் ரேஷன் அரிசி வந்தது. பெருநாள் சோறு அன்றாடச் சோறாயிற்று; உமியோடு தவிட்டையும் இழந்து, வெள்ளையாக வந்து சேர்ந்தது.

அந்த வெள்ளையின் குறையை ஆராய்ந்து சொன்ன இடம் நமக்கு மிக அருகில், மலைமேல் இருந்தது என்பது பலரும் அறியாத செய்தி. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடமே பிற்காலத்தில் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவில் எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணத்து உணவு கடைசியில் நின்றது. அவருக்குப்பின் குன்னூருக்குப் பொறுப்பேற்ற அய்க்ராய்டும் அவருடைய குழுவினரும் புழுங்கல் அரிசியை ஆராய்ந்தனர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது வெளித்தோலில் உள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு நிற்கிறது. மில்லில் தீட்டிய பச்சரிசியை உண்ட ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி வேரூன்றியிருக்க, புழுங்கல் உண்ட தமிழகம் பெரும்பாலும் தப்பியது இதனால்தான்.

இவ்விடத்தில் நமது நோன்புக் கஞ்சி நினைவுக்கு வருகிறது. அது பச்சரிசிக் கஞ்சி. ரமளானில் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்கு வழங்குவதும் பச்சரிசியே. பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் சேர்ந்த அக்கஞ்சியைப் பழிக்க நமக்கு மனம் வராது; அரிசி நீங்கலாக அதில் உள்ள எல்லாமே நல்லவை. ஆயினும் 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. நோன்பு வைக்கலாமா என்று மருத்துவரிடமும் ஆலிமிடமும் மாறிமாறிக் கேட்கும் பெரியவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். மஃரிபுக்குப்பின் அவர்கள் கையில் நாம் கொடுக்கும் முதல் கிண்ணம் அது.

2023 மே மாதம் முதல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகியை ரேஷன் கடையில் பெறும் ஏற்பாடு தொடங்கியது. அரசே இவ்வளவு தூரம் வந்திருக்கையில், நமது ஜமாஅத்துகள் நோன்புக் கஞ்சியில் பாதி அரிசிக்குச் சாமையோ கைக்குத்தல் அரிசியோ சேர்த்துப் பார்க்கலாம். கடையில் வெண்மையாகத் தீட்டி விற்கும் சாமையை வாங்கினால் பயன் குறைவு; சற்றே பழுப்பாக, தவிடு நீங்காமல் இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். சாமை விரைவில் குழைந்து கெட்டியாகிவிடும். தண்ணீரைச் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சமையல்காரரிடம் முன்பே சொல்லிவிடுவது நலம்.