குரூப்பைத் தேர்ந்தெடுத்தது யார்?

பத்தாம் வகுப்பு முடிவு வெளியான மறுநாளே தமிழ்நாட்டு வீடுகளில் எழும் கேள்வி, பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்பது. ஃபர்ஸ்ட் குரூப் கிடைத்த பிள்ளைக்கு ஒரு மரியாதை, காமர்ஸ் எனப்படும் தேர்ட் குரூப்புக்கு இன்னொரு மரியாதை, வொக்கேஷனல் என்றால் சொல்லவே தயக்கம். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பெற்றோரின் பேராசையையும் ஒருவரைப் பார்த்து ஒருவர் ஓடும் போக்கையும் கண்டிக்கிறார்கள். பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள் என்று அறிவுரை சொல்கிறார்கள். அறிவுரையில் தவறில்லை. ஆனால் கடந்த நூற்றிருபது ஆண்டுகளின் கதையைப் பார்த்தால், பிள்ளைகள் எந்தப் பாடத்தை எடுக்கிறார்கள் என்பதைப் பெற்றோரின் ஆசையைவிடவும் பிள்ளையின் நாட்டத்தைவிடவும் வலுவாக முடிவு செய்து வந்தது, அடுத்த படியில் காத்திருக்கும் சேர்க்கை விதிதான் என்பது புலப்படும். விதி மாறிய போதெல்லாம் ஊரின் விருப்பமும் மாறியிருக்கிறது.

குரூப் என்ற பிரிவே இல்லாத காலம் ஒன்று இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கிய பிறகு, மெட்ரிகுலேஷன் தேறியவர்கள் கல்லூரியில் எஃப்.ஏ. படித்தார்கள். ஆங்கிலம், கணிதம், உடலியல், கிரேக்க ரோமானிய வரலாறு, சமஸ்கிருதம் என்று எல்லாவற்றிலும் தேறினால்தான் மேலே போக முடியும். இந்த ஏற்பாடு யாரைப் பலிவாங்கியது என்பது உலகறிந்த செய்தி. 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த கணித மேதை ராமானுஜன், கணிதத்தில் மட்டும் மூழ்கி மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் 1907இல் எஃப்.ஏ. தேர்வில் தவறினார். பட்டம் இல்லாத குமாஸ்தாவாகத் துறைமுகக் கழக அலுவலகத்தில் உட்கார்ந்தபடிதான் அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1904ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பின் எஃப்.ஏ. போய் இன்டர்மீடியட் வந்தது. கணிதம், இயற்பியல், வேதியியல் ஒரு தொகுதி. இயற்கை அறிவியல் ஒரு தொகுதி. வரலாறும் தர்க்கமும் ஒரு தொகுதி என்று விருப்பப் பாடங்கள் பிரிந்தன. ஆகவே குரூப் பிறந்தபோது அது ஒரு விடுதலையாகத்தான் பிறந்தது. பிரிவுகளே கூடாது, எல்லாரும் எல்லாம் படிக்கட்டும் என்று இன்று வாதாடுகிறவர்கள் இந்தத் தொடக்கத்தை மறக்கக் கூடாது. பதினாறு பதினேழு வயதில் ஒரு துறைக்குள் ஆழமாக இறங்க விரும்பும் பிள்ளைக்கு அதற்கான வழி வேண்டும். அதை நான் மறுக்கவில்லை.

சிக்கல், அந்தப் பிரிவுகளை எதற்காகப் பயன்படுத்தினோம் என்பதில் இருக்கிறது. இன்டர்மீடியட் காலத்தில் கல்லூரிக்குப் போனவர்களே மிகச் சிலர். பெரும்பாலோருக்கு எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழே வேலைக்கான சீட்டு. குமாஸ்தா வேலைக்கும் ஆசிரியப் பயிற்சிக்கும் அது போதும். அதன் விளைவாகப் பள்ளிப் படிப்பே கல்லூரிக்குப் போகும் சிலரை நோக்கியும் எழுத்து வேலையை நோக்கியும் வளைந்து கிடந்தது. இதைக் கண்டுகொண்டவர்களில் முக்கியமானவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார். அவர் தலைமையில் 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, அடுத்த ஆண்டு தந்த அறிக்கையில் ஒரே தடத்தில் ஓடும் பள்ளியைக் கைவிடச் சொன்னது. மனிதவியல், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகள் கொண்ட பல்நோக்குப் பள்ளிகளை அது கேட்டது. பள்ளிகளில் பயிற்சி பெற்ற வழிகாட்டி அலுவலர்களும், எந்தப் படிப்பு எந்த வேலைக்கு என்று எடுத்துச் சொல்லும் ஆசிரியர்களும் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இன்று புதிய சிந்தனை என்று பேசப்படும் தொழில் வழிகாட்டல், எழுபது ஆண்டுகளுக்கு முன்பே காகிதத்தில் இருந்தது.

ஆனால் அந்த ஏழு பிரிவுகள் வேர்விடவில்லை. கருவிகள் இல்லை, ஆசிரியர்கள் இல்லை என்பவை வெளியே தெரிந்த காரணங்கள். அவற்றைவிட ஆழமான காரணம், வேளாண்மைப் பிரிவிலோ தொழில்நுட்பப் பிரிவிலோ படித்து முடித்தவர் எங்கே போவார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இருந்தது. பல்கலைக்கழகம் இன்டர்மீடியட்டை விட்டுவிட்டு பி.யூ.சி. என்ற ஓராண்டுப் புகுமுக வகுப்புக்கு மாறியதே தவிர, யாரை உள்ளே விடுவது என்ற கணக்கை மாற்றவில்லை. தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு தனிக் காரணமும் உண்டு. முதலியார் குழு அறிக்கை வந்த அதே 1953இல்தான் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளிகளில் அரை நாள் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத்தான் தைக்க வேண்டுமா என்று கேட்ட சமூகம், அதன் பின் பள்ளிக்குள் 'தொழில்' என்ற பெயரில் எது வந்தாலும் சந்தேகத்தோடு பார்த்தது. அந்தச் சந்தேகத்தைப் பழமைவாதம் என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியாது. கைத்தொழிலையும் பிறப்பையும் சேர்த்துக் கட்டிப்போட்ட நாட்டில், ஏட்டுக் கல்விதான் கட்டவிழ்க்கும் என்று முதல் தலைமுறையினர் நம்பியதில் முழு நியாயம் இருந்தது.

அடுத்து வந்த கோத்தாரி கல்விக் குழு (1964–66), முதல் பத்து ஆண்டுகள் எல்லாருக்கும் பொதுக் கல்வி, அதற்குப் பிறகே பிரிவு என்று சொன்னது. மிகச் சிறு வயதிலேயே பிள்ளைகளைப் பிரிப்பதை எதிர்த்தது. பத்தாம் வகுப்புக்கு மேல் போகிறவர்களில் பாதிப் பேர் தொழிற்கல்விக்குப் போக வேண்டும் என்றும் இலக்கு வைத்தது. தமிழ்நாட்டில் 1978இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பிளஸ் டூ வந்தது. கல்லூரியில் இருந்த பி.யூ.சி. போய், இரண்டு ஆண்டுப் படிப்பாகப் பள்ளிக்குள் நுழைந்தது. முதல் அணி 1980இல் தேர்வெழுதியது. கூடவே பொது இயந்திரவியல், வேளாண்மை, செவிலியம், கணக்கும் தணிக்கையும் என்று வொக்கேஷனல் குரூப்புகளும் வந்தன. 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை இலக்கைக் குறைத்து, 1990க்குள் 10 சதவீதம், 1995க்குள் 25 சதவீதம் என்று சொன்னது. அதையும் நாடு எட்டவில்லை. வொக்கேஷனல் எடுத்தவருக்குப் பட்டப்படிப்புக் கதவு ஓர் இடுக்கு அளவே திறந்திருந்தது; வேலை தரும் நிறுவனங்களும் அந்தச் சான்றிதழைவிட ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் சான்றுகளையே மதித்தன. மதிப்பெண் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடமாக அந்த குரூப்பை நாமே ஆக்கினோம்.

அதே ஆண்டுகளில் எதிர்த் திசையில் ஒரு பெரிய கதவு திறந்தது. 1984–85இல் தமிழ்நாட்டில் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தொடங்கின. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மாநில நுழைவுத் தேர்வும் அப்போதுதான் வந்தது. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப் ஏன் அவ்வளவு உயர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை: டாக்டர், இன்ஜினீயர் என்ற இரண்டு விண்ணப்பங்களையும் போட முடிந்த ஒரே குரூப் அது. தொண்ணூறுகளில் மென்பொருள் வேலைகள் பெருகியதும் உயிரியலின் இடத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வந்து உட்கார்ந்தது. பிள்ளைகளின் இயல்பு பத்தே ஆண்டுகளில் மாறிவிடுமா என்ன? நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, 2007 முதல் பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட் ஆஃப் கணக்கிடப்பட்டபோது, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அந்தக் கணக்கில் ஒரு மதிப்பெண்கூட இல்லை. பிளஸ் ஒன் படிப்புக்கும் இல்லை. ஆகவே பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடங்களைத் தொடாமல் இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தின. அதைத் தடுக்கத்தான் 2017–18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. 2017இல் மருத்துவச் சேர்க்கை நீட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வுக்குள் போனபோது, பிளஸ் டூ மதிப்பெண்ணை நம்பி இரண்டு ஆண்டு படித்த பிள்ளைகளின் காலடியில் தரையே இல்லாமல் போயிற்று. பள்ளி என்ன கற்றுத்தருகிறது என்பதை ஒவ்வொரு முறையும் வாசலில் இருந்த விதிதான் எழுதியிருக்கிறது.

பெற்றோர் வீண் பெருமைக்காகத்தானே ஃபர்ஸ்ட் குரூப் கேட்கிறார்கள் என்ற மறுப்பு எழும். பெருமையும் உண்டுதான். ஆனால் அதற்குக் கீழே ஒரு நிதானமான கணக்கு இருக்கிறது. ஃபர்ஸ்ட் குரூப் படித்தவர் பின்னால் பி.ஏ. வரலாறு சேரலாம், சட்டம் படிக்கலாம், பல கல்லூரிகளில் பி.காம்.கூடச் சேரலாம். காமர்ஸ் படித்தவர் இயற்பியலுக்கோ பொறியியலுக்கோ நேரடியாகத் திரும்ப வருவது அரிது. திரும்பி வரும் பாதை ஒரு பக்கம் மட்டும் இருக்கும்போது, பதினைந்து வயதில் தன் நாட்டம் என்னவென்று உறுதியாகத் தெரியாத பிள்ளைக்கு அந்தப் பக்கத்தைத் தேர்வது பேராசை ஆகாது, அது பாதுகாப்பு. இந்தச் சமனின்மையை அப்படியே விட்டுவிட்டு, மனதுக்குப் பிடித்ததை எடு என்று சொல்வது, விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் உள்ள வீட்டுப் பிள்ளைக்கே பொருந்தும்.

வழிகாட்டல் போதாதா என்பது அடுத்த கேள்வி. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம், அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் படிப்புகளையும் வேலைகளையும் பற்றிய செய்தியைக் கொண்டுபோனது; முதலியார் குழு கேட்டதைக் காலம் தாழ்ந்தாவது செய்யும் முயற்சி என்ற வகையில் அதை மனமார வரவேற்கிறேன். வீட்டில் கேட்க ஆள் இல்லாத பிள்ளைக்கு அந்தச் செய்தியே பெரிய செல்வம். ஆனால் எந்த வழிகாட்டியும் பள்ளியில் இல்லாத குரூப்பைக் காட்ட முடியாது. உயர்நிலைப் பள்ளி மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயரும்போது, எத்தனை முதுகலை ஆசிரியர் பணியிடங்கள் ஒதுக்கப்படுகின்றனவோ அதற்குத் தகுந்த குரூப்புகளே அங்கு தொடங்கும். உள்ளூர்ப் பள்ளியில் உள்ள ஒன்றிரண்டு குரூப்பில் ஒன்றை எடுப்பது, அல்லது பேருந்து ஏறிப் பக்கத்து ஊருக்குப் போவது என்பதே பல கிராமத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் உள்ள தேர்வு. பெண் பிள்ளை என்றால் அந்தப் பேருந்தின் நேரமே குரூப்பை முடிவு செய்துவிடுகிறது.

2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, கலைக்கும் அறிவியலுக்கும் நடுவே இறுக்கமான சுவர் வேண்டாம் என்கிறது. பாடங்களைக் கலந்து எடுக்கும் உரிமை நல்லதுதான். வரலாற்றையும் இயற்பியலையும் ஒன்றாகப் படித்த பிள்ளையைக் கல்லூரி எந்த விதிப்படி சேர்க்கும், அந்த இரண்டு பாடங்களின் ஆசிரியர்களும் அதே பள்ளியில் இருப்பார்களா என்பவை தீராதவரை, அந்த உரிமை பெருநகரப் பள்ளிகளில் மட்டுமே புழங்கும். காமர்ஸ் படித்தவர் விரும்பினால் ஓராண்டு இணைப்புப் படிப்பு படித்து அறிவியலுக்கு வரவும், வொக்கேஷனல் படித்தவர் பட்டப்படிப்புக்குள் தலைநிமிர்ந்து நுழையவும் வழி செய்வது சட்டமன்றமும் பல்கலைக்கழகங்களும் செய்யக்கூடிய வேலை. பாலிடெக்னிக் முடித்தவரைப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்க்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாக இங்கே நடந்துவருகிறது. பத்தாம் வகுப்போடு வேறு தடத்தில் இறங்கிய ஆயிரக்கணக்கானோர் அந்த வழியில் திரும்பி வந்து பொறியாளர் ஆகியிருக்கிறார்கள். மேல்நிலைப் பள்ளியின் மற்ற குரூப்புகளுக்கும் அதுபோன்ற அகலமான பக்க வாசல் வேண்டும்.