கண்ணாடி வீட்டில் பிறந்த கம்பம் திராட்சை

மதுரை கே.கே. நகர் 80 அடி ரோட்டில் சாயங்காலம் நிற்கும் பழ வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு திராட்சை இருக்கும். ஒன்று, வடக்கேயிருந்து லாரியேறி வரும் விதையில்லாத பச்சைத் திராட்சை. கோடை முடிந்தால் அதன் வரத்தும் குறைந்துவிடும். இன்னொன்று கருநீலமாய், உருண்டையாய், விதையோடு இருப்பது. "கொட்டை இருக்கும்க்கா, கம்பம் பழம். மோந்து பாருங்க" என்று கொத்தைக் காம்போடு தூக்கி நீட்டுவார் வண்டிக்காரர். இதை விற்கச் சரியான வழி அதுதான். இந்தப் பன்னீர் திராட்சையைக் கண்ணால் வாங்கினால் ஏமாறலாம், மூக்கால் வாங்கினால் ஏமாற முடியாது.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி உசிலம்பட்டி, தேனி தாண்டிப் போனால் கம்பம். தேனி தனி மாவட்டமானது 1990களில்தான். அதுவரை கம்பம் பள்ளத்தாக்கும் மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தது. ஆகவே இதை நம்மூர்ப் பழம் என்று மதுரைக்காரர்கள் சொல்லிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் இதன் பிறந்த வீடு வேறு. வருஷத்தில் பாதி நாள் வெயிலையே பார்க்காத ஒரு தேசத்தில், கண்ணாடிக் கூரைக்கு அடியில் பிறந்த கொடி இது.

வேளாண்மைப் பல்கலைக்கழக ஏடுகளில் பன்னீர் திராட்சையின் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பெயரை வைத்து ஜெர்மனிக்குப் போக வேண்டாம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரபுக்கள் ஆளுக்கொரு கண்ணாடி வீடு கட்டி, உள்ளே அடுப்பு மூட்டி, குழாயில் சூடு ஏற்றி, அந்தக் குளிரிலும் திராட்சை விளைவித்தார்கள். விருந்து மேசையில் தன் வீட்டுத் திராட்சைக் குலையை வைப்பது அன்றைக்குப் பெரிய கௌரவம். பெட்ஃபோர்ட்ஷையரில் உள்ள ரெஸ்ட் பார்க் மாளிகையில், டி கிரே பிரபுவிடம் தோட்டக்காரராக இருந்தவர் சீவர்ட் ஸ்னோ. பிளாக் ஹாம்பர்க் என்ற கறுப்புத் திராட்சையின் பூவில், மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்டிரியா என்ற வெள்ளைத் திராட்சையின் மகரந்தத்தைச் சேர்த்து அவர் உண்டாக்கியதுதான் இந்த ரகம். பிற்கால மரபணுச் சோதனையும் இதே இரண்டு கொடிகளைத்தான் பெற்றோர் என்று சொல்கிறது.

பெற்றோர் இருவருமே சாமானியப்பட்டவர்கள் இல்லை. லண்டனை ஒட்டிய ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்ட ஒரு திராட்சைக் கொடி இன்றும் காய்க்கிறது. அது பிளாக் ஹாம்பர்க். பன்னீரின் நிறம் இந்தத் தாய்வழி. வாசனை, தகப்பன் வழி. மஸ்கட் குடும்பத்துத் திராட்சைகள் தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும் லினலூல், ஜெரானியால் போன்ற வாசனைப் பொருள்களை நிறையச் சேர்த்துவைக்கும். ரோஜாவுக்கு மணம் தருவதிலும் ஜெரானியாலுக்குப் பங்கு உண்டு. பழத்துக்குப் பன்னீர் என்று பெயர் வைத்த யாரோ ஒருவருக்கு வேதியியல் தெரிந்திருக்காது, ஆனால் மூக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது. கர்நாடகத்துக்காரர்களும் இதே பழத்தை குலாபி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சரி, பெட்ஃபோர்ட்ஷையரிலிருந்து கம்பத்துக்கு எப்படி வந்தது? 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தார் என்பது எல்லாரும் சொல்லும் கதை. கம்பம் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகளும் அதையே எழுதின. பழைய தோட்டக்கலை நூல்களில் இது வேறு மாதிரி இருக்கிறது. சேலம், மதுரை மாவட்டங்களுக்குக் கிறிஸ்தவ மிஷனரிகள் சுமார் 1832 வாக்கில் திராட்சையைக் கொண்டுவந்தார்கள் என்று பொதுவாகத்தான் சொல்கின்றன. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம் இங்கிலாந்துத் தோட்டக்கலை ஏடுகளில் அடிபடுவதே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். பிரெஞ்சு சேசு சபையினர் மதுரை மிஷனை மறுபடி தொடங்கியதும் 1837-38இல். எனவே 1832இல் திராட்சை வந்திருக்கலாம், ஆனால் நாம் தின்கிற பன்னீர் அதற்குப் பின்னால் வேறொரு பெட்டியில் வந்திறங்கியது என்பதே என் கணிப்பு.

பாதிரியார்கள் ஏன் திராட்சைக் கொடியைச் சுமந்துகொண்டு அலைந்தார்கள் என்பதில் மர்மம் இல்லை. பூசைக்கு ஒயின் வேண்டும். கப்பலில் வருவது புளித்துப்போகும், விலையும் அதிகம். ஆஸ்திரேலியாவிலும் இதே கதை நடந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த சேசு சபையினர் 1851இல் செவன்ஹில் என்ற இடத்தில் கொடி நட்டார்கள். நட்டது பூசை ஒயினுக்காக. இன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் ஒயினுக்கு உலகப் பெயர் பெற்றது.

நம் திராட்சைக் கதையில் வரும் அதே 1832ஆம் வருஷம் ஆஸ்திரேலிய ஒயின் வரலாற்றிலும் முக்கியமான வருஷம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் சுற்றிச் சேகரித்த பல நூறு கொடிக் கட்டைகள் சிட்னியில் வந்து இறங்கிய ஆண்டு அது. அவை சிட்னி தாவரவியல் தோட்டத்தில் வேர்விட்டு, ஹண்டர் பள்ளத்தாக்குக்கும் பிற இடங்களுக்கும் பரவின. அதன் பிறகு அந்த நாட்டுக்காரர்கள் செய்த ஒரு காரியத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். எந்த மண்ணுக்கு எந்தக் கொடி என்று ஊர் ஊராகப் பார்த்துப் பொருத்தினார்கள். அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

ஹண்டர் பள்ளத்தாக்கு சூடும் ஈரமும் கலந்த இடம், பழம் முற்றுகிற நேரத்தில் மழை வந்து கெடுக்கும். மழைக்கு முந்திக்கொண்டு செமியான் திராட்சையைச் சீக்கிரமே பறித்துவிடுவார்கள். சர்க்கரை ஏறாத பழம் என்பதால் ஒயினில் சாராயச் சத்து குறைவு, புளிப்பு தூக்கல். இளசாகக் குடித்தால் சப்பென்று இருக்கும் அது, பத்துப் பன்னிரண்டு வருஷம் புட்டியில் கிடந்தால் தேன் மணம் கொள்ளும். மழைக்குப் பயந்து செய்த வேலையே அந்த ஊரின் அடையாளமாகிவிட்டது. பரோசா வறண்ட, வெயில் காயும் பூமி. அங்கே ஷிராஸ் கறுப்பாய், கெட்டியாய் விளைகிறது. 1843இல் நட்ட கொடிகள்கூட இன்னும் காய்க்கின்றன. கூனவாராவில் சுண்ணாம்புப் பாறைமேல் ஒரு கீற்று செம்மண் கிடக்கிறது. அதில் கபர்னே சோவினியான் நன்றாக வரும். அந்த வட்டாரத்தின் எல்லைக்கோடு எங்கே என்று கோர்ட் வரைக்கும் போய்ச் சண்டை போட்டிருக்கிறார்கள். வாய்க்கால் வரப்புக்கு வழக்காடுகிற நம் ஆட்களுக்கு இது புரியும்.

எனக்குப் பிடித்தது மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவர் கதை. அங்கே பாதிரியாரும் இல்லை, பிரபுவும் இல்லை. ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் விஞ்ஞானி தட்பவெப்பப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, மழையும் வெப்பமும் பிரான்ஸின் போர்தோ வட்டாரத்துக்கு ஒத்துப்போகிறது என்று 1965இல் எழுதினார். அதுவரை மாடு மேய்ந்த பூமி. 1967இல் டாம் கல்லிட்டி என்ற மருத்துவர் முதல் வணிகத் தோட்டத்தை நட்டார். இந்துமகா சமுத்திரத்தின் காற்று வாங்கி வளரும் அந்தக் கபர்னே இன்று விலை உயர்ந்த சரக்கு.

இன்னொரு முனையில் முர்ரே நதிக்கரை. மழை சொற்பம், ஆற்றுநீரை ஏற்றிப் பாய்ச்சித்தான் விவசாயம். கலிஃபோர்னியாவிலிருந்து சாஃபி சகோதரர்களை வரவழைத்து 1887இல் மில்டுராவில் பாசனக் குடியிருப்பு உண்டாக்கினார்கள். அதற்கு முன்னின்றவர் ஆல்ஃபிரட் டீக்கின். பிற்பாடு ஆஸ்திரேலியாவின் பிரதமரானவர். பாசனம் கற்க இந்தியாவுக்கும் வந்து சுற்றிப் பார்த்து, 1893இல் இந்தியப் பாசனத்தைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். மில்டுராவில் வேலை தொடங்கிய அதே 1887இல்தான் இங்கே பொறியாளர் பென்னிகுவிக் பெரியாறு அணை வேலையைத் தொடங்கியிருந்தார். 1895இல் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கு இரண்டு போகம் காண்பதற்கு அந்தத் தண்ணீரே காரணம். முர்ரே கரையில் கோர்டோ என்று ஒரு திராட்சை ஏராளமாக விளைகிறது. அது வேறொன்றும் இல்லை, மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்டிரியா. நம் பன்னீரின் தகப்பன்.

இனி கம்பத்துக்கு வருவோம். மேற்கே இடுக்கி மலை, கிழக்கே மேகமலை, நடுவே கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது பள்ளத்தாக்கு. மதுரையில் புழுக்கத்தில் வேகும்போது அங்கே குமுளிப் பக்கமிருந்து காற்று இறங்கும். கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி எங்கும் பந்தல்கள். கல்தூண் நட்டுக் கம்பி வலை பின்னி, தலைக்கு மேலே கொடியைப் படரவிட்டிருப்பார்கள். உள்ளே நடந்தால் வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் விழும், கைக்கெட்டும் உயரத்தில் குலைகள் தொங்கும்.

குளிர் நாட்டில் திராட்சைக் கொடி குளிர்காலம் வந்தால் இலையை உதிர்த்துத் தூங்கும். வசந்தத்தில் விழித்து வருஷத்துக்கு ஒரு தரம் காய்க்கும். ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பறிப்பு, அவ்வளவுதான். கம்பத்தில் கொடியைத் தூங்கவைக்கக் குளிர் இல்லை. விட்டால் இலையும் கொடியுமாகப் படர்ந்துகொண்டே போகும், காய்க்காது. அதனால் மனிதன்தான் கத்தரிக்கோலைக் கையில் எடுக்க வேண்டும். இலையை உருவிவிட்டு, நாலைந்து கணு மட்டும் விட்டுக் கொடியை வெட்டுவதுதான் கவாத்து. மொட்டுகள் ஒரே சீராக விழிக்க மருந்து தடவுவார்கள். வெட்டிய காயத்தில் சொட்டுச் சொட்டாக நீர் வடியும். பத்துப் பதினைந்து நாளில் துளிர், துளிரோடு பூங்கொத்து, நாலாவது மாதம் பழம். பிறகு கொஞ்ச நாள் ஓய்வு, மறுபடி கவாத்து. இரண்டு வருஷத்தில் ஐந்து அறுவடை பார்த்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தோட்டத்துக்காரரும் வேறு வேறு மாதத்தில் கவாத்து செய்வதால் பள்ளத்தாக்கில் எங்காவது ஒரு பந்தலில் எப்போதும் பழம் இருக்கும். இப்படி வருஷம் முழுக்கத் திராட்சை வெட்டுகிற இடம் உலகத்தில் அதிகமில்லை.

இதற்கு விலையும் உண்டு. மழைக்காலத்தில் முற்றும் குலையில் இனிப்பு மட்டு, பழம் வெடித்துப்போகும். அடிச்சாம்பல் நோய் ஒரே வாரத்தில் தோட்டத்தைக் காலி செய்யும். அதற்கு அடிக்கிற மயில்துத்தம், சுண்ணாம்புக் கலவையும் 1880களில் போர்தோ திராட்சைத் தோட்டங்களில் கண்டுபிடித்ததுதான். எல்லாம் தாண்டி வெட்டினால், வியாபாரி தோட்டத்துக்கே வந்து சொல்வதுதான் விலை. பெருமளவு பெட்டிகள் குமுளி வழியாகக் கேரளத்துக்குப் போகின்றன.

பன்னீரை ஒயினுக்கும் சாற்றுக்கும் பயன்படுத்தலாம், ஆனால் நிறமும் துவர்ப்பும் குறைவு. கபர்னே மாதிரி கெட்டிச் சிவப்பு ஒயினை இதனிடம் எதிர்பார்க்க முடியாது. இது தின்கிற பழம். கம்பத்தைப் பரோசாவாக்குவோம் என்று பேசுவதைவிட, ஹண்டர்காரர்கள் போலத் தன் மழைக்கும் வெயிலுக்கும் உள்ளே நின்று பெயர் வாங்குவது இந்தப் பள்ளத்தாக்குக்கு நல்லது. மதுரை மல்லிக்கு 2013இல் கிடைத்த புவிசார் குறியீடு கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் கிடைத்தது. குறியீடு வந்த பிறகும் பழம் பெட்டியில் ஊர்ப் பெயர் இல்லாமல்தான் போகிறது. மல்லிக்கு நாம் ஊர் கேட்டு வாங்குகிறோம், திராட்சைக்கு விலை மட்டும் கேட்கிறோம்.

அடுத்த தடவை வண்டியில் நிற்கும்போது எந்த ஊர்ப் பழம், எப்போது வெட்டியது என்று கேளுங்கள். காம்பு பச்சையாக இருக்க வேண்டும், காய்ந்து பழுப்பேறியிருந்தால் வெட்டி நாளாகிவிட்டது. பழத்தின்மேல் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும் மெழுகு இயற்கையானது, ஆனால் தோட்டத்தில் மருந்தும் அடிக்கிறார்கள், அதனால் நன்றாகக் கழுவித் தின்னுங்கள். முக்கியமாக ஒன்றைத் தின்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கொடியிலிருந்து வெட்டிய பிறகு திராட்சை பழுப்பதில்லை, புளிப்பாக வாங்கினால் வீட்டில் எத்தனை நாள் வைத்தாலும் புளிப்புதான்.