விறகின் எடையும் ஈரத்தின் விலையும்: ஆரணி வட்டாரத்தை முன்வைத்து ஓர் அளவை வரலாறு

ஆரணி நிறுத்துப் பழகிய ஊர். நெசவாளியிடம் பாவும் ஊடையும் கிராம் கணக்கில் போகின்றன. நெய்து வந்த சேலை மறுபடி தராசில் ஏறுகிறது. சேதாரம் போக மிச்சம் என்ன என்பது பாஸ்புத்தகத்தில் பதிவாகிறது. ஜரிகைக்கு இன்றும் 'மார்க்' கணக்குதான். சுமார் 240 கிராம் கொண்ட அந்தப் பழைய ஐரோப்பிய எடை, மெட்ரிக் முறை வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பட்டுக் கடைகளை விட்டுப் போகவில்லை. இவ்வளவு நுணுக்கமாக நிறுக்கும் தொழிலில், பட்டை வேகவைக்கவும் சாயமேற்றவும் தேவைப்பட்ட விறகு எப்படி அளக்கப்பட்டது? ஒன்றரை நூற்றாண்டுச் சட்டங்கள் எடைக்கல்லையும் தராசையும் திருத்தின. விறகுக்குள் இருக்கும் தண்ணீரைத் தொடவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் விறகுக்கு எடை கிடையாது. கட்டு, தலைச்சுமை, வண்டி ஆகியவையே அளவு. திருவிளையாடற் புராணத்தின் விறகு விற்ற படலத்தில் சிவனே மதுரைத் தெருவில் விறகு சுமந்து வருகிறார். அங்கும் சரக்கு தலைச்சுமைதான். தமிழகத்தில் நிலையான எடை இல்லாததால் இப்படி இருந்ததென்று சொல்ல முடியாது. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும் மணிகளை 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லாலும் நிறுத்ததாகக் குறிக்கின்றன. விலை உயர்ந்த பொருளுக்குக் கல்லுக்கே பெயர் இருந்தது. விறகுக்குக் கண்ணளவு போதுமானதாக இருந்தது. கட்டு விற்பனையை ஏமாற்று என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை. விற்பவரும் வாங்குபவரும் வாராவாரம் முகம் பார்க்கும் இடத்தில், கட்டு மெலிந்தால் அடுத்த வாரம் வியாபாரம் மெலியும். வாங்குபவர் ஒரு கட்டையை உருவி ஒடித்துப் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம். ஈரம் அங்கேயே தெரிந்துவிடும்.

இந்த முகப்பழக்கம் தொலைதூர வணிகத்தில் உடைந்தது. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. ஆரணி அடங்கியிருந்த வட ஆற்காடு மாவட்டத்துக்குள் வந்த முதல் தண்டவாளம் அது. அந்தக் கால இன்ஜின்கள் பெரும்பாலும் விறகைத் தின்றே ஓடின. அதே 1856இல் மதராஸ் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெக்ஹார்ன் பொறுப்பேற்றார். கடற்கரை மணலில் எரிபொருளுக்கென்றே சவுக்குத் தோப்புகள் பெருகின. 1882ஆம் ஆண்டு மதராஸ் வனச் சட்டம் காட்டு விறகை அனுமதியும் கட்டணமும் சார்ந்த சரக்காக்கியது. பின்னர் விழுப்புரம்–காட்பாடி பாதையில், களம்பூரில், 'ஆரணி ரோடு' நிலையம் வந்தது. வெட்டியவர் யார், எரிப்பவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாத வணிகத்தில் கண்ணளவு செல்லாது. தராசு தேவைப்பட்டது.

தராசு வந்தது, கல் ஒன்றாக இல்லை. மதராஸ் கணக்கில் மூன்று தோலா ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. இந்த மணங்கு இன்றைய கணக்கில் 11 கிலோவைச் சற்றே தாண்டும். வடஇந்திய மணங்கோ 37 கிலோவுக்கு மேல். தூக்கு, துலாம் போன்றவை வட்டாரத்துக்கு வட்டாரம் மாறின. 1871இல் கிலோகிராமையே 'சேர்' என்று அறிவித்து ஒரு சட்டம் இயற்றினார்கள்; அது ஏட்டோடு நின்றது. 1939ஆம் ஆண்டுச் சட்டம் தோலாவை 180 கிரெயின் என்று நிலைப்படுத்தியது. 1956இல் மெட்ரிக் சட்டம் இயற்றப்பட்டு, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. விறகுக்கடைத் தராசில் ஈய முத்திரை குத்திய அறுகோண இரும்புக் கல் ஏறியது இப்படித்தான். 1976, 2009 சட்டங்கள் அந்த அமைப்பை இறுக்கின. தமிழ்நாட்டில் இன்று இதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை.

உலகின் வேறு பகுதிகள் வேறு வழியில் போயின. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1795இல் மெட்ரிக் அலகுகளை அறிவித்தபோது, 'ஸ்டேர்' என்ற அலகை விறகுக்கென்றே ஒதுக்கியது: ஒரு கனமீட்டர் அடுக்கு. அமெரிக்காவில் 'கார்டு' என்பது 128 கன அடி. கன அளவில் ஒரு நன்மை உண்டு: பச்சை மரம் காய்ந்தாலும் அடுக்கு பெரிதாகச் சுருங்காது, தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆனால் கோணல் கட்டைகளை இடைவெளி விட்டு அடுக்கத் தெரிந்தவருக்கு அது வரப்பிரசாதம். ஒழுங்காக அடுக்கினாலும் கனமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறும் காற்று.

நம் எடைமுறையின் ஓட்டை இதற்கு நேர்மாறானது. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீராக இருக்கலாம். நன்றாகக் காய்ந்ததில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். மேலும், அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பகுதி வீணாகும். கணக்குப் போட்டால், ஒரு கிலோ பச்சை விறகு தரும் வெப்பம் ஒரு கிலோ காய்ந்த விறகு தருவதில் பாதியைச் சற்றே தாண்டும். தராசு சரி, கல் சரி, முத்திரை சரி; ஆனாலும் வாங்கியவருக்குப் பாதிதான் கிடைத்தது. சாயத் தொட்டியில் இதன் விளைவு இன்னும் மோசம். பட்டுக்குச் சாயம் சீராக ஏற வேண்டுமானால் தண்ணீரின் சூடும் சீராக இருக்க வேண்டும். புகைந்து புகைந்து எரியும் அடுப்பில் அதை எதிர்பார்க்க முடியாது.

வியப்பு என்னவென்றால், பட்டு வணிகம் இதே சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. பட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மழைநாளில் நிறுத்தால் விற்பவருக்கு லாபம். 1805இல் பிரான்சின் லியோன் நகரில் இதற்கென்றே பொது நிலையம் ஏற்பட்டது. மாதிரியை முழுக்க உலர்த்தி நிறுத்து, அதோடு 11 சதவீதம் ஈரத்தைச் சேர்த்துக் கணக்கிடுவதுதான் வணிக எடை. இன்றும் சர்வதேசப் பட்டு வணிகம் ஒப்புக்கொண்ட விகிதம் அது. கச்சாப் பட்டைச் சவுக்காரத் தண்ணீரில் வேகவைத்துப் பசை நீக்கினால் ஏறக்குறைய கால் பங்கு எடை குறையும் என்பதும் தொழிலுக்குத் தெரியும். கூலிக் கணக்கே அதை ஒட்டித்தான். தொட்டிக்குள் கிடக்கும் பட்டின் ஈரத்துக்குக் கணக்கு உண்டு, தொட்டிக்குக் கீழே எரியும் கட்டையின் ஈரத்துக்கு இல்லை. மதிப்புக் குறைந்த பொருளின் மீது அளவை அறிவியல் தன் நேரத்தைச் செலவிடவில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

இதில் மூன்றாவது ஆள் ஒருவரும் உண்டு: மரம் வெட்டுபவர். வெட்டுக் கூலி டன் கணக்கில் என்றால், அவருக்கு ஈரம்தான் ஆதாயம். வெட்டிப் போட்டு வாரக்கணக்கில் காயவிட்ட பிறகு எடைமேடையில் ஏற்றினால், உழைத்த எடையில் ஒரு பகுதி அவர் கண்முன்னே ஆவியாகிவிடும். எப்போது நிறுப்பது என்பதும் நேர்மையின் கேள்விதான். சட்டம் அதைக் கேட்கவில்லை. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டார்கள். முன்பணத்தில் கட்டுண்டவர் எடைச்சீட்டைக் கேட்டு வாங்குவது நடக்கிற காரியமா? எடையளவுச் சட்டமும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் 1976 என்னும் ஒரே ஆண்டில் பிறந்தவை. விறகு வணிகத்தில் இரண்டும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

வீட்டு அடுப்பிலிருந்து விறகு பெரும்பாலும் போய்விட்டது. எரிவாயு உருளையில் 14.2 கிலோ என்று அச்சிட்டிருக்கிறது. காலி உருளையின் எடையும் அதிலேயே உண்டு. விறகு இன்று சூளைக்கும், கல்யாணச் சமையலுக்கும், தேநீர்க் கடைக்கும் டன் கணக்கில் போகிறது. இங்கிலாந்தில் 2021 மே முதல், சிறு அளவில் விற்கும் விறகின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கட்டையில் குத்தி ஈரம் பார்க்கும் கையடக்கக் கருவி அதிக விலையும் இல்லை. தொழிலாளர் துறை இரண்டு விதிகளை எழுதினால் போதும்: எடைமேடைச் சீட்டில் ஈர அளவும் பதிவாக வேண்டும், வெட்டுபவரின் கூலிக்கான எடை வெட்டிய நாளிலேயே எடுக்கப்பட வேண்டும்.