பாவையின் பன்னிரு நிறப் பாவாடை



சரித்திரம் என்றவுடன் கோட்டை கொத்தளங்களும் முடிமன்னரும் போர்க்களங்களுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. பாடசாலையில் நாங்கள் கற்பிக்கும் சரித்திரமும் பெரும்பாலும் அத்தகையதே. ஆயினும், ஒரு வீட்டின் பழம்பெட்டிக்குள் கிடக்கும் சிறு பொருளும் நீண்டதொரு சரித்திரத்தைத் தன்னுள் அடக்கி நிற்றல் கூடும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அத்தகையதொன்று. அது ஒரு மரப்பாவையின் பாவாடை.

கண்டி நகரிலே எங்கள் வீட்டில் ஒரு மரப்பாச்சி இருக்கின்றது. செஞ்சந்தன மரத்திற் கடைந்தது. உயரம் 9 அங்குலம். இத்தகைய பாவைகளை ஆணும் பெண்ணுமாகச் சோடி சேர்த்து மணமகளுக்குச் சீராகக் கொடுத்தல் தமிழர் வழக்கம் என்பதை நேயர்கள் அறிவர். எங்கள் ஆச்சிக்குக் கிடைத்த சோடியில் எஞ்சியது பெண்பாவை மட்டுமே. நவராத்திரியிற் கொலுப்படியிலும், சித்திரை வருடப்பிறப்பன்று சுவாமி படத்தின் முன்னும் அது அமரும். கடைந்த மரத்திற்கு ஆடை கிடையாது. வீட்டுப் பெண்களே தைத்து உடுத்தல் வேண்டும். எனக்குப் பத்து வயதான காலத்தில், வருடப்பிறப்புக்கு முந்திய வாரங்களில், ஆச்சி அதற்கு ஓர் இராசிப் பாவாடை தைக்கக் கற்பித்தார்.

அதன் கணக்கு இது. பாவையின் இடைச்சுற்று 6 அங்குலம். இராசிகள் 12, ஆகவே பாவாடைக்குத் துண்டுகளும் 12. ஒவ்வொரு துண்டும் மேலே அரை அங்குலமும் கீழே ஒன்றரை அங்குலமுமாய் விரிந்து நிற்கவேண்டும். இரு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டு வெட்டினால் மேல் அகலம் 1 அங்குலம், கீழ் அகலம் 2 அங்குலம். நீளம் 5 அங்குலம். மூட்டி முடித்தால் இடை 6 அங்குலமாகவும் விளிம்பு 18 அங்குலமாகவும் அமையும். கணக்கு எளிது, தையலோ எளிதன்று. பன்னிரண்டு மூட்டுகளும் இடையிலே ஒன்றன்மேல் ஒன்றாகத் திரண்டு, பாவையின் இடை பருத்துவிடும். எனவே விட்ட துணியைப் பாதியாக நறுக்கி, மூட்டினை விரித்து நகத்தால் அழுத்தி, மேலே மெல்லிய பட்டி வைத்துத் தைத்தல் வேண்டும். நான் முதன்முதல் தைத்தது மூன்றுமுறை பிரிக்கப்பட்டது.

நிறங்கள் எங்கிருந்து வந்தன? வராகமிகிரர் கி.பி. 6ஆம் நூற்றாண்டில் இயற்றிய பிருகச்சாதகம் என்னும் சோதிட நூலிலே பன்னிரு இராசிகளுக்கும் நிறங் கூறப்பட்டிருக்கின்றது. மேடம் சிவப்பு; இடபம் வெண்மை; மிதுனம் கிளிப்பச்சை; கர்க்கடகம் பாதிரிப்பூவின் இளஞ்சிவப்பு; சிங்கம் புகைபடிந்த வெளிர்நிறம்; கன்னி பலவண்ணம்; துலாம் கருமை; விருச்சிகம் பொன்; தனு செம்பழுப்பு; மகரம் புள்ளியும் கலப்புமான நிறம்; கும்பம் கீரியின் நிறம்; மீனம் தெளிந்த வெண்மை. ஆச்சி இந்நூலைக் கற்றவரல்லர். தம் தமையனார் சொல்லக் கேட்டு மனனஞ் செய்தவர். தையற்காரர் கடையிலிருந்து வெட்டுத்துணிகளை வாங்கிவந்து, கன்னிக்குப் பூப்போட்ட சீத்தையும், மகரத்துக்குப் புள்ளித் துணியும் தேர்ந்தெடுத்தார். கீரியின் நிறத்துக்கு மட்டும் துணி கிடைக்கவில்லை. வெள்ளைத் துணியைத் தேயிலைச் சாற்றில் இட்டுக் கொதிக்கவைத்தார்; கும்பராசி பிறந்தது.

இவ்விராசிகள் வந்த வழியும் நெடியது. வான்வழியைப் பன்னிரண்டு சமபங்குகளாக வகுத்தவர் கி.மு. 5ஆம் நூற்றாண்டளவிலே பாபிலோனியர். அவர்களிடமிருந்து கிரேக்கரும், கிரேக்கரிடமிருந்து பாரத நாட்டாரும் அதனைப் பெற்றனர். வராகமிகிரரே மேடத்தைக் ‘கிரிய’ என்றும், இடபத்தைத் ‘தாவுரி’ என்றும், சிங்கத்தை ‘லேய’ என்றும் கிரேக்கப் பெயர்களின் திரிபாகவும் வழங்குகின்றார். தமிழகமும் இவ்வறிவைப் பண்டே பெற்றிருந்தது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையிலே, பாசறையிலிருக்கும் கணவனைப் பிரிந்த அரசமாதேவியின் கட்டிலுக்கு மேலே ஒரு விதானச்சீலை விரிந்திருக்கின்றது. ஆட்டை முதலாகக் கொண்டு கதிரவன் சுற்றும் இராசி மண்டலமும், திங்களைப் பிரியாத உரோகிணியும் அதிலே எழுதப்பட்டுள்ளன. பிரியாத உரோகிணியை நோக்கிப் பிரிந்திருப்பவள் பெருமூச்செறிகின்றாள். துணியிலே இராசியைத் தீட்டும் வழக்கமும், அத்துணியினூடே ஒரு பெண்ணின் மனத்தைக் காணும் வழக்கமும் நமக்குப் புதியன அல்ல.

இனி, நம் கண்டிக்கு வருவோம். இம்மலைநாட்டில் வருடப்பிறப்பு எந்நாளிற் கொண்டாடப்பட்டது என்பதை ஓர் ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கின்றார். அவர் 1660இற் கொட்டியாரத்தில் சிறைப்பிடிக்கப்பட்டு, கண்டி இராச்சியத்திலே பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1679இல் தப்பிச்சென்ற உரொபேட் நொக்ஸ். 1681இல் வெளிவந்த அவருடைய நூலின்படி, கண்டியரின் வருடம் பெரும்பாலும் மார்ச்சு 28இலும், சிலவேளை 27இலும், அரிதாக 29இலும் தொடங்கிற்று. நாமோ இன்று ஏப்பிரல் 13 அல்லது 14இற் கொண்டாடுகின்றோம். நொக்ஸ் தவறினாரோ? இல்லை. அன்று இங்கிலாந்து பழைய யூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. அதற்கும் இன்றைய நாட்காட்டிக்கும் அந்நூற்றாண்டிலே 10 நாள் வேறுபாடு. ஆகவே அவருடைய மார்ச்சு 28 நமக்கு ஏப்பிரல் 7 ஆகும். எஞ்சிய சில நாட்கள், நமது சூரியவருடம் இன்றைய ஆங்கில வருடத்தைவிடச் சில நிமிடங்கள் நீண்டிருத்தலால் வந்தவை. ஏறக்குறைய 60 அல்லது 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் வருடப்பிறப்பு முன்னே நகர்கின்றது.

அந்த நொக்ஸ் கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்தவில் வாழ்ந்தபோது தொப்பி பின்னி விற்றும் வயிறு வளர்த்தார். அயல்நாட்டுச் சிறையாளனுக்கும் ஊசியும் நூலும் உணவளித்த இடம் இம்மலைநாடு.

ஊசித் தொழில் இங்கு அரண்மனை வரை சென்றது. அரசனுக்கும் அரசவைக்கும் கோயிலுக்கும் தைத்துக் கொடுக்க ‘ஹன்னாலி’ எனப்பட்ட தையற்காரர் இருந்தனர். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் தென்னகத் தொடர்புடைய நாயக்க மன்னர் நால்வர். அரச உறவினர் குடியிருந்த தெரு இன்றும் மலபார் வீதி என்றே வழங்குகின்றது. கொடிகளிலே வானமும் இடம்பெற்றது. சத்தர கோறளையின் கொடியில் ஞாயிறும் திங்களும் விளங்கின. எளிய குடும்பத்துப் பெண்களும் வெற்றிலைப் பைகளில் சிவப்பு, நீல நூல்கொண்டு சங்கிலித்தையலிட்டனர்.

1815 மார்ச்சு 2இல் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டு அரசு மறைந்தது. ஆதரவு இழந்த கைத்தொழில்கள் நலிந்தன. 1867இற் புகையிரதம் கண்டிக்கு வந்தபின் ஆலைத்துணி மலையேறுவது எளிதாயிற்று. 1879இற் கண்டிப் பெண்கள் உயர்தரப் பாடசாலையும் 1890இல் ஹில்வூட் கல்லூரியும் தோன்றின; அக்காலப் பெண்கல்வியிலே தையல் ஒரு பாடமாக விளங்கிற்று. ஆயினும் பழைய கண்டித் தையலைப் பேணவேண்டும் என்று எழுதியவர் நம்மவராகிய ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராயிருந்த அவர், கல்லைத் தேடிச் சென்ற ஊர்களிலே கலையைக் கண்டார். 1908இல் வெளியான அவருடைய மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் தையலுக்கும் நெசவுக்கும் தனியிடம் உண்டு. இத்துறையில் அவருக்குத் துணைநின்ற மனைவியார் எதெல், பின்னர் இங்கிலாந்திற் புகழ்பெற்ற நெசவுக் கலைஞரானார்.

நேயர்களே, பாவாடையை மறந்துவிட்டேன் என்று எண்ணாதீர்கள். பாவாடை ஆண்டுதோறும் அதுவே. மாறுவது மேற்சட்டை. வருடப்பிறப்பன்று அணியவேண்டிய ஆடையின் நிறத்தைப் பஞ்சாங்கம் கூறும் அல்லவா? பாவைக்கும் அந்நிறத்தில் புதுச்சட்டை தைக்கவேண்டும் என்பது ஆச்சியின் கட்டளை. ஆனால் எப்பஞ்சாங்கம்? ஆச்சி வாக்கிய பஞ்சாங்கத்தை நம்புபவர். என் தந்தையாரோ திருக்கணிதக்காரர். இவ்விரண்டும் சங்கிராந்தி நேரத்திலே வேறுபடும்; ஆடையின் நிறத்திலும் பலமுறை வேறுபடும். அயல்வீட்டிலே வாழ்ந்த சிங்கள மூதாட்டியின் ‘லித’ என்னும் பஞ்சாங்கம் மூன்றாவது நிறமொன்றைச் சொல்லும். அவரையும் நாங்கள் ஆச்சி என்றே அழைப்போம். பாட்டியைக் குறிக்க அச்சொல் இரு மொழியிலும் உண்டு.

ஒருமுறை இதுபற்றி வீட்டிலே பெரும் வாதம் எழுந்தது. ஆச்சி வாதிடவில்லை. பாவாடையை என் கையில் தந்து, “மீனத்துண்டும் மேடத்துண்டும் சேருமிடத்தைப் பார், பிள்ளை” என்றார். அவ்விடம் மட்டும் முழுவதும் மூட்டப்படவில்லை. பாவைக்கு உடுத்துவதற்காக மேலே திறந்துவிட்டு நாடா வைத்திருந்தோம். “வருடம் பிறப்பது இந்த வாயில்தான். இரண்டு துண்டிலும் கொஞ்சம் துணி விடாமல் மூட்டமுடியுமா?” என்று கேட்டார். நம் பஞ்சாங்கங்கள் சங்கிராந்திக்கு முன் 4 மணி நேரமும் பின் 4 மணி நேரமும் விஷு புண்ணியகாலம் என்று கூறும். சிங்களவர் முன்னும் பின்னும் 6 மணி 24 நிமிடம் வீதம், மொத்தம் 12 மணி 48 நிமிடத்தைப் புண்ணியகாலமாகக் கொள்வர். கணக்கு வேறு, ஒரு வருடத்தை மறு வருடத்தோடு சேர்க்க இருபுறமும் இடம்விட வேண்டும் என்ற கருத்து ஒன்றே. அவ்வருடம் பாவையின் சட்டைக்கு உடல் ஒரு நிறமும் கை ஒரு நிறமும் ஆயிற்று. அயல்வீட்டு ஆச்சி சொன்ன நிறத்திலே கழுத்துப்பட்டி அமைந்தது.

1983ஆம் ஆண்டு யூலை மாதம் நடந்தவற்றை இந்நாட்டார் எவரும் மறந்திலர். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. நாங்கள் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தபோது, பின்வேலிக்கு மேலாகப் பாவையை அயல்வீட்டு ஆச்சியின் கையிற் கொடுத்தேன். மாதங்கள் சென்று திரும்பியபொழுது எங்கள் வீட்டிலே கொலுப்பொம்மை ஒன்றேனும் இல்லை, தையற்பெட்டியும் இல்லை, எங்கள் ஆச்சியும் அதற்குள் உறவினர் வீட்டிலே காலமாகிவிட்டார். அடுத்த சித்திரைப் புத்தாண்டன்று காலை அயல்வீட்டு ஆச்சி பலகாரத் தட்டோடு வந்தார். தட்டிலே கொக்கிசும் கெவுமும் இருந்தன. அவற்றினருகே எங்கள் பாவை இருந்தது. பாவாடை பழையது. சட்டை புதியது, சிவப்பும் நீலமுமான சங்கிலித்தையல் ஓரத்தில் ஓடியது. “உங்கள் புத்தகம் எந்த நிறம் சொன்னதென்று தெரியவில்லை, மகளே. எங்கள் லித சொன்ன நிறத்தில் தைத்தேன்” என்றார். என் தாயார் அன்றுதான் முதன்முறையாக வாய்விட்டு அழுதார்.

இழந்தவை ஒரு சட்டையால் ஈடுசெய்யப்பட்டன என்று நான் கூற வரவில்லை. அவ்வாறு கூறுவது சரித்திர உண்மைக்கு மாறானது. பலருக்கு வேலிக்கப்பால் நீட்டிய கை இருக்கவில்லை என்பதையும் நான் அறிவேன். ஆயினும், நடந்த கொடுமையை எழுதும் சரித்திரம் இச்சட்டையையும் விடாது எழுதவேண்டும். அன்றேல் அது பாதிச் சரித்திரமே.

இப்போது நான் அதிபராகப் பணியாற்றும் அரசாங்கப் பாடசாலையிலே, வருடந்தோறும் ஏழாம் வகுப்பு மாணவியருக்கு இப்பாவாடையைக் காட்டுவதுண்டு. கடைகளிலே உடையணிந்த பொம்மைகள் மலிந்த இக்காலத்தில், தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகளே இதனை விரைவில் தைத்துவிடுகின்றனர். கந்தைத்துணியிற் பொம்மை செய்து பழகிய கைகள் அவை. சென்ற ஆண்டு ஒரு சிறுமி, தான் தைத்ததைக் கொண்டுவந்து, “மீனமும் மேடமும் சேருமிடத்தில் துணி போதவில்லை, ரீச்சர்” என்று வருந்தினாள். இரண்டு பக்கமும் சிறிது பிரித்து, உள்ளே மடிந்திருந்த துணியை வெளியே விட்டுப் பார்த்தோம். போதுமானதாயிருந்தது.