இந்திய மகளிர் கால்பந்து லீக், 2018–19

அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் ஆதரவில் 2019 மே 5 முதல் 22 வரை பஞ்சாப் மாநிலத்து லூதியானா நகரில் நடைபெற்ற இப்போட்டி, நாட்டின் உயர்நிலை மகளிர் லீகின் மூன்றாம் பருவமாகும். 12 அணிகள் இரு பிரிவுகளாக மோதிய இதில், மதுரையைத் தளமாகக் கொண்ட சேது கால்பந்துக் கழகம், மே 22ஆம் நாள் குரு நானக் மைதானத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்ற கோல் கணக்கில் வென்று, இப்பட்டத்தை முதன்முறையாகத் தமிழகத்துக்கு ஈட்டித் தந்தது. கடலூர் மாவட்டத்து இந்துமதி கதிரேசன் நடுக்களத்திலும், நேபாள வீராங்கனை சாபித்ரா பண்டாரி முன்வரிசையிலும் ஆடிய அவ்வணி, மகளிர் கால்பந்தில் நெடுங்காலம் ஆதிக்கம் செலுத்திய மணிப்பூரை வீழ்த்தியது அகஸ்மாத்தாக நிகழ்ந்ததன்று. முந்தைய ஆண்டே கட்டாக்கில், தேசிய சாம்பியன்ஷிப்பின் இறுதியாட்டத்தில் தமிழ்நாட்டு மகளிர் மணிப்பூரை 2–1 என வென்றிருந்தனர்.

இவ்வெற்றியின் அருமையை உணர, அதே பருவத்தில் வோல்ஃப்ஸ்பர்க் அணி வாகை சூடிய, ஜெர்மனியின் மகளிர் லீகான புண்டஸ்லிகாவை நோக்குதல் தகும். 1955 முதல் 1970 வரை மேற்கு ஜெர்மானியக் கால்பந்துச் சங்கம் மகளிர் ஆட்டத்துக்குத் தடை விதித்திருந்த அத்தேசத்தில், அப்பருவத்தின் 12 கழகங்களும் சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலுமாகத் தலா 22 ஆட்டங்களை மாதக்கணக்கில் ஆடின. நம் வீராங்கனைகளோ, வட இந்தியக் கோடையின் உக்கிரத்தில், மூன்று வாரங்களுக்குள், சொந்த ஊர் ரசிகர்களின் ஆரவாரமின்றியே பருவம் முழுவதையும் ஆடி முடித்தனர். மதுரை மக்கள் தம் அணியின் ஓர் ஆட்டத்தையேனும் தம் ஊரில் காண இயலாத அந்த அமைப்பு பெருங்குறையே. அடுத்த பருவத்தில் பட்டம் கேரளத்தின் கோகுலம் அணிக்குச் சென்றது.