மடியில் கனம்

‘மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம்’ என்கிறோமே, அந்த மடி எது என்று கல்லூரி மாணவர்கள் நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் தொடையைத் தொட்டுக் காட்டினார்கள். உட்கார்ந்தால்தானே தொடைமேல் மடி? வழியில் நடந்துபோகிறவனுக்கு அது ஏது? பழமொழி சொல்லும் மடி இடுப்பில் இருப்பது. வேட்டியின் விளிம்பை மடித்துக் காசு பணத்தைச் செருகிக்கொள்ளும் இடம்.

எங்கள் தாத்தா ஆட்டுச் சந்தையிலிருந்து கிளம்பும்போது பார்த்திருக்கிறேன். நோட்டுகளை நீளவாக்கில் மடித்துச் சுருட்டுவார். வேட்டிக் கட்டில் இடப்பக்கம் கொஞ்சம் துணியை மேலே இழுத்து, சுருளை அதில் வைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, திருகி உள்ளே செருகுவார். மூன்று மைல் நடந்தாலும் அவிழாது. ஆனாலும் நூறடிக்கு ஒருமுறை இடது கை தானாகப் போய் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கும். வீட்டில் எடுக்கும்போது நோட்டுகள் வியர்வையில் நனைந்து வளைந்திருக்கும். பாட்டி ஒவ்வொன்றாக நீவி அரிசிப் பானைக்குள் வைப்பார்.

மடி முதலில் வினை. துணியை மடித்தோம்; மடித்ததில் உண்டானது மடி. அதில் பொருளை வைத்ததும் மடிப்பின் பெயர் பையின் பெயராயிற்று. உட்காரும்போது சேலையும் வேட்டியும் தொடைமேல் குழிந்து குழந்தையைத் தாங்குவதால் அந்த இடத்துக்கும் பெயர் போயிற்று. பால் நிறைந்து தொங்கும் பசுவின் மடியும் இதன் நீட்சிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றப் பழமொழிகளிலும் இதே மடிதான் வருகிறது. அவற்றின் வினைச்சொல்லைக் கவனித்தால் போதும். மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்க்கிறோம். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறோம். தொடைமேல் எதையும் கட்டிக்கொள்ள முடியாது. இடுப்பில்தான் கட்ட முடியும்.

மடிக்கணினி என்ற சொல் தொடையை மனத்தில் வைத்து ஆக்கியது. நல்ல சொல், நிலைத்தும் விட்டது. ஆனால் மடியின் பழைய பொருளைப் பார்த்தால் அந்தப் பெயர் செல்பேசிக்குத்தான் இன்னும் பொருந்தும்.

வேட்டி மடிப்பு கொள்ளாத அளவுக்குப் பணம் சேர்ந்தால் தனித்துணி வேண்டும். கிழித்த துணித் துண்டு கிழி. பொன்னை வைத்துக் கட்டினால் பொற்கிழி. பாண்டியன் தொங்கவிட்ட ஆயிரம் பொன்னைத் தருமிக்கு இறைவன் பெற்றுத் தந்ததாகத் திருவிளையாடற் புராணம் சொல்வது இப்படி ஒரு துணி மூட்டையைத்தான். தலைவருக்குப் பொற்கிழி அளித்தார்கள், பண முடிப்பு வழங்கினார்கள் என்று இன்றும் செய்தி வருகிறது. கையில் கொடுப்பது காசோலையாகவே இருக்கட்டும், பெயரில் போட்ட முடிச்சு இன்னும் அவிழவில்லை.

அந்த முடிச்சை அவிழ்க்கிறவன் முடிச்சவிழ்க்கி. தெருச்சண்டையில் ‘முடிச்சவிக்கி’ என்று காதில் விழுவது வெறும் வசவல்ல, ஒரு காலத்துத் திருடனின் தொழிற்பெயர். பை மாறியபோதெல்லாம் திருடனின் பெயரும் மாறியிருக்கிறது. சட்டையும் அதில் ஜேப்பும் வந்ததும் அவன் ஜேப்படித் திருடன் ஆனான், பிறகு பிக்பாக்கெட். பணத்தை எங்கே வைத்திருந்தோம் என்பதை நம்மைவிட அவன் பெயர் நன்றாக நினைவில் வைத்திருக்கிறது.

ஜேப்பு வந்த வழி நீண்டது. அரபியில் ஜைப் என்றால் உடையின் மார்புத் திறப்பு, அங்கே விழும் மடிப்பு. பாரசீகமும் உருதுவும் கடந்து நம்மிடம் வந்தது. இதே சொல்லுக்கு இன்னொரு பயணமும் உண்டு. ஆரியபட்டரின் கணிதத்தில் வரும் ஜ்யா, வில்லின் நாணைக் குறிப்பது. ஜீவா என்றும் சொல்வார்கள். அரபு அறிஞர்கள் அதை ஒலிப்படியே ஜீபா என்று எடுத்துக்கொண்டார்கள். குற்றுயிர்க் குறிகளை இடாமல் எழுதும் அந்த எழுத்தில் ஜீபாவும் ஜைபும் ஒன்றுபோலத் தெரியும். 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்தவர்கள் ஜைப் என்றே படித்து, மடிப்பைக் குறிக்கும் ‘சைனஸ்’ என்ற தங்கள் சொல்லை இட்டார்கள். ரோமானியர் தங்கள் மேலாடையின் முன்மடிப்பை அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். பணப்பையை வைத்துக்கொண்டதும் அதற்குள்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முக்கோணவியலில் எழுதும் சைனுக்குள் இருப்பது ஒரு மடி. இதை முதன்முதலாக அறிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் ஊரில் மடிக்குத் துணையாகப் பச்சை பெல்ட் வந்தது. வேட்டிக்கும் கைலிக்கும் மேல் இறுக்கிக் கட்டும் அகலமான பெல்ட். பட்டன் வைத்த சின்னப் பைகள் அதிலேயே இருக்கும். உள்ளே பட்டாபட்டி டிராயரிலும் பை உண்டு. வேட்டியைத் தூக்கி அதிலிருந்து சில்லறை எடுத்துத் தரும் பெரியவர்களைப் பேருந்தில் இன்றும் பார்க்கலாம். பேன்ட் வந்ததும் மடி போயிற்று. துணியோடு சொல்லும் இடுப்பைவிட்டு இறங்கித் தொடையில் உட்கார்ந்துகொண்டது.

இப்போது செல்பேசி ஆறு அங்குலத்தைத் தாண்டிவிட்டது. அதைப் பேன்ட் பையில் வைத்துக்கொண்டு பைக்கில் உட்கார்ந்தால் தொடையில் குத்துகிறது. கூடவே சாவி, பவர் பேங்க், கண்ணாடி. அதனால் இளைஞர்கள் இடுப்பில் பவுச்சும் மார்பின் குறுக்கே ஸ்லிங் பேக்குமாகப் போகிறார்கள். ‘ஆம்பளைக்கு எதுக்குடா பை’ என்று அவர்களைக் கேலி செய்வது எனக்கு வருத்தம் தருகிறது. கேட்கிறவரின் தாத்தா இடுப்பில் முடியாமல் எங்கே முடிந்துவைத்திருந்தார்?

போன தைப்பூசத்துக்குப் பழனி போகும்போது அப்பாவுக்கு ஒரு பவுச் வாங்கிக் கொடுத்தேன். வேட்டிக்கு மேலே கட்டிக்கொண்டார். மலையடிவாரக் கூட்டத்தில் அம்மா பதறிப்போய், “பணத்தை எங்கங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். அப்பா ஜிப்பின் மேல் கையை வைத்துச் சொன்னார்: “மடியிலதான் இருக்கு, நீ நட.”