ஸ்டேலி, டான்

டான் ஸ்டேலி (பிறப்பு: 4 மே 1970, பிலடெல்பியா) அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை, பயிற்சியாளர். வடக்குப் பிலடெல்பியாவின் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். உயரம் சுமார் 168 செ.மீ. மட்டுமே, ஆட்டத்தை நடத்திச் செல்லும் பாயின்ட் கார்டாக ஆடினார்.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 1988 முதல் 1992 வரை ஆடி, அணியை மூன்று முறை தேசிய அரையிறுதிக்குக் கொண்டுசென்றார். 1991 இறுதியாட்டத்தில் கூடுதல் நேரத்தில் டென்னசியிடம் 67-70 என அணி தோற்றது. 28 புள்ளிகள் எடுத்த ஸ்டேலிக்கே தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது கிடைத்தது. தோற்ற அணியினருக்கு இவ்விருது கிடைப்பது மிக அரிது. கல்லூரிச் சாம்பியன் பட்டம் மட்டும் கைகூடவில்லை. ஒலிம்பிக்கில் 1996, 2000, 2004 ஆண்டுகளில் தங்கம் வென்றார். ஏதென்ஸ் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியை ஏந்தினார்.

தொழில்முறை லீகில் ஆடிக்கொண்டே 2000இல் டெம்பிள் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளரானார். 2008இல் தென் கரோலினாவுக்கு மாறி 2017, 2022, 2024 ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றார். 2024 அணி 38 ஆட்டங்களிலும் தோற்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் பயிற்றுவித்த அமெரிக்க அணி தங்கம் வென்றது. 2013இல் நைஸ்மித் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார்.

1999இல் பர்டூ அணிக்குப் பட்டம் வென்றுதந்த பயிற்சியாளர் கரோலின் பெக், வெற்றியைக் கொண்டாட அன்று அறுத்த கூடை வலையின் துண்டொன்றை ஸ்டேலியிடம் கொடுத்திருந்தார். அவ்வழியைப் பின்பற்றி ஸ்டேலி தமது 2017 வெற்றி வலையைத் துண்டுகளாக்கிக் கறுப்பினப் பெண் பயிற்சியாளர்களுக்கு அனுப்பினார்.